எம் பேருல ஒரு காயிதம்

உக்காருங்க, உக்காருங்க. இப்படித் தள்ளி உக்காருங்க, அந்த மூலைக்கு ஃபேன் காத்து வராது. என்ன, தலையைப் பாக்கறீங்களா? கட்டுத்தானுங்க. அஞ்சு தையல். வண்டியில இருந்து விழுந்துட்டேன். நம்முளுது ரிக் வண்டி, போர் போடற வண்டி, ஒசரம் சாஸ்தி. திருச்செங்கோட்டுப் பக்கம் வந்தீங்கன்னா தெருவுக்கு நாலு நிக்கும். நான் அதுல டிரில்லர். பேரு நல்லசிவம்.

எனக்கு டெஸ்ட்டு எடுக்கறதுக்குன்னு நான் வரலைங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். ஒரு காயிதம் வேணும். நல்லசிவம், வயசு முப்பத்தொம்பது, ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னு ஒரு காயிதம். அவ்வளவுதான். அதை ஒருத்தி மூஞ்சியில வீசோணும். எங்கூர் ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரி ரூம் இருக்குது, இதே மாதிரி நம்பிக்கை மையம், எச்.ஐ.வி. பரிசோதனைன்னு போர்டு இருக்குது. ஆனா அங்க வாட்ச்மேன்ல இருந்து மருந்து கட்டறவன் வரைக்கும் எல்லாரும் தெரிஞ்சவங்க. அதான் மூணு பஸ் மாறி இங்க வந்தேன். டோக்கன் பதினேழு. இப்ப பதினொண்ணு உள்ள போயிருக்குது.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். உங்களைப் பாத்தா ஒண்ணும் இருக்கற மாதிரித் தெரியலை. என்ன, நாப்பது இருக்குமா? நம்ம வயசுதான். கன்னமெல்லாம் நல்லா மொழுமொழுன்னு இருக்குது. சீக்குப் புடிச்சவங்களைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சு போயிரும். கண்ணு குழி விழுந்து, கழுத்தெலும்பு தெரிஞ்சு, ஒரு மாதிரி இருப்பாங்க. இருவது வருசமா ஊரூராப் போறவன், மனுசனைப் பாத்தா எனக்குத் தெரியாதா?

எங்க பொழப்பு உங்களுக்குத் தெரியாது. தீவாளி முடிஞ்சு வண்டி எடுத்தா சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு போயிருவோம். எட்டு மாசம். மழை புடிச்சு வேலை நின்னாத்தான் ஊருக்குத் திரும்பறது. கம்ப்ரசரைப் போட்டா பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது. அதனால எங்க வண்டியில வாயில பேசற வேலையே இல்லைங்க, எல்லாம் கைதான். தோளுல ஒரு தட்டுத் தட்டுனா நிறுத்துன்னு அர்த்தம். ரெண்டு தட்டுனா தொளையில எறக்கற அடுத்த இரும்பு ராடை ஏத்து. புரியாதவனுக்குக் கொஞ்சம் பலமாத் தட்டுவோம். ஒருக்கா ஒரிசாக்காரன் ஒருத்தன் ராடை நழுவ விட்டுட்டான், என்ற கால் போயிருக்கும். விட்ட அடியில அவனுக்கு முன்பல்லு ரெண்டு மண்ணுல கெடந்துச்சு. அதுக்கப்புறம் அவன் ஒரு ராடைக்கூட நழுவ விடலை. அடின்னா அப்படித்தானுங்க, ஒருக்காச் சொன்னாப் போதும்.

எட்டு மாசம் ஆம்பளை எப்படி இருப்பான், நீங்களே சொல்லுங்க. தப்பே பண்ணலைன்னு நான் சொல்ல மாட்டேன். நாலு தடவை. ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை, அதுக்குப் பின்னால வரிசையா ரூம்பு. நாலு தடவையும் அதே எடம், நல்ல எடம். பொட்டு வெச்சு, தலைக்கு வாத்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வெச்சிருந்தா அந்தப் பொம்பளை. உங்களை மாதிரிப் பளிச்சுனு இருந்தா. அப்படிப்பட்டவகிட்ட ஒறையை எடுத்து நீட்டுனா அவளை அவமானம் பண்ணுன மாதிரி ஆயிராதா?

லோகுதான் அந்த ஒறைப் பேச்சை எடுத்தது. லோகுன்னா என்ற சம்சாரத்தோட தம்பி, லோகநாதன். எங்க வண்டிக்குப் பின்னால ராடு ஏத்திக்கிட்டு வர்ற லாரியை அவன்தான் ஓட்டறான். நான்தான் வேலைக்குச் சேத்து விட்டேன். பையன் தங்கம், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ரோட்டுல லாரிக்காரங்களுக்குச் சும்மா குடுக்கறதை வாங்கிட்டு வந்து, அத்தனை பேர் முன்னால என்ற சட்டைப் பாக்கெட்டுல சொருகறான். "மாமா, போறது போறீங்க, இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. அக்காளை நெனைச்சுக்கங்க"ங்கறான். அக்கா புருசனுக்கு வந்து பாடம் எடுக்கறான். விட்டேன் ஒண்ணு. காதுல ரத்தம் வந்துருச்சு. இன்னைக்கும் அந்தப் பக்கத்துக் காதுல அவன் போனை வெக்க மாட்டான். ஆனா பாருங்க, அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நான் அஞ்சாவது தடவை போறப்பவும் லாரியிலயே கம்முனு உக்காந்திருந்தான்.

ஆமாங்க, அஞ்சுதான். நாலுன்னா சொன்னேன்?

ஏப்ரல்ல ஒரு புண்ணு வந்துச்சு. எங்கன்னு உங்களுக்கே தெரியும். வலியே இல்லை. மூணு வாரத்துல தானா ஆறிப்போச்சு. ஆறிட்டா சரியாப்போச்சுன்னுதான அர்த்தம்? ஏன் தலையாட்டறீங்க, நீங்க என்ன டாக்டரா? சரி விடுங்க. அப்புறம் வண்டி ஊருக்குத் திரும்பற சமயத்துல உள்ளங்கையிலயும் காலுலயும் செவப்பு செவப்பாத் திட்டு வந்துச்சு. கிரீஸ் அலர்ஜின்னு நெனைச்சேன். இருவது வருசமாப் புடிக்கற கிரீஸ் இப்பத்தான் வந்து அலர்ஜி ஆகுமான்னு அப்புறம் ஒரு ரோசனை வந்துச்சு. அன்னையில இருந்து சோறு எறங்கலை. நெசமாச் சொல்றனுங்க, பயம். ஆயிரம் அடி ஆழத்துல ராடு மாட்டிக்கிட்டாக்கூட நான் பயந்தவன் இல்லை.

ஊட்டுக்கு வந்தேன். என்ற சம்சாரம் வசந்தாமணி எட்டு மாசமா வழி பாத்துக்கிட்டு இருந்தவ. மல்லிப்பூ வெச்சுக்கிட்டுச் சோறு போடறா. நான் அவளைத் தொடக்கூடாது. தொட்டா அவளுக்கும் ஒட்டிக்குமே. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருக்குதுங்க. ஆனா தொடாம இருந்தா ஏன்னு கேப்பா. ஏன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?

அதனால ரசத்துல உப்பு இல்லைன்னு போசியைத் தூக்கி அடிச்சேன்.

சொவத்துல பட்டுத் தெறிச்சு அவ நெத்தியில விழுந்துச்சு. அவ புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயி உள்ரூம்புல படுத்துக்கிட்டா. நான் முன்பக்கத்து ஆசாரத்துல நிம்மதியாப் படுத்தேன். சண்டை போட்டா ஒரே பாயில படுக்க வேண்டியதில்லை பாருங்க. அந்த வழி எனக்குப் புடிபட்டுப் போச்சு. அதுல இருந்து தெனமும் பொழுதோட ஒரு சண்டை. துணி காயலை, அடி. போன்ல யாரு, அடி. உங்கப்பன் வந்து ஏன் என்னைய வாங்கன்னு கேக்கலை, அடி. புள்ளைக்கு ஒம்பது வயசு. நான் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா புஸ்தகப் பையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து ஊட்டுக்குப் போயிரும். ஒரு நாள் கையைப் புடிச்சு முறுக்குனதுல வசந்தாமணிக்குத் தோள்பட்டை எறங்கிருச்சு. பாத்ரூம்புல விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்டச் சொன்னா. எங்க ஊட்டுல எல்லாரும் விழுந்துக்கிட்டேதான் இருக்கோம்.

இருவத்தி ரெண்டு நாள். ஒரு நாள்கூட அவ பக்கத்துல படுக்கலைங்க. அவளைக் காப்பாத்தறதுக்குத்தான் அடிச்சேன். வெளிய சொன்னா எவன் நம்புவான்? வேற ஒருத்தனா இருந்தா எனக்கென்னன்னு படுத்து எந்திரிச்சுப் போயிருப்பான். நான் ஒவ்வொரு அடியையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சேன்.

டெஸ்ட்டு எடுத்திருக்கலாமேங்கறீங்களா? நீங்க சொல்லுவீங்க. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னால உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்களாம். எங்க போனே, யாருகூடப் போனே, எத்தனை தடவை. ஒரு பொம்பளைப் புள்ளைகிட்ட உக்காந்து நான் எட்டு தடவைன்னு சொல்றதா?

சரிங்க, எட்டு. இப்ப என்ன அதுக்கு?

அப்பத்தான் ரிக் சங்கத்துல ரத்ததான முகாம் போட்டாங்க. கல்யாண மண்டபத்துல வரிசையாக் கட்டில் போட்டு, மைக் கட்டி, ஒரே கூட்டம். குடுக்கற ரத்தத்தை எல்லாச் சீக்குக்கும் பாத்துருவாங்க, எதாவது இருந்தா போன் பண்ணிக் கூப்புட்டுச் சொல்லிருவாங்கன்னு அங்க ஒருத்தன் நாயம் பேசிக்கிட்டு இருந்தான். எனக்குப் பளிச்சுனு ஒரு ரோசனை. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்காம சோலி முடிஞ்சிரும். ஆனா எம் பேரைப் போட முடியுமா? அங்க உக்காந்து எழுதறவனே எங்க தெருக்காரனோட மச்சினன். ஃபாரத்தைத் தனியா வாங்கிட்டுப் போயி நானே எழுதி, வெளியூர்ல இருந்து வந்த நர்சுகிட்ட நேராக் குடுத்தேன். பேரு லோகநாதன். வயசு இருவத்தேழு. போன் நம்பரு அவனோடது. போன் வந்தா மொதல்ல எங்கிட்டத்தான வந்து சொல்லப் போறான். சின்ன வயசுல இருந்து மாமா மாமான்னு வால் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பையன், எதையும் மறைக்கத் தெரியாது. வேற பொம்பளைங்ககிட்டப் போனது உண்டான்னு ஃபாரத்துல ஒரு கேள்வி இருந்துச்சு. இல்லைன்னு டிக் போட்டேன். லோகுவுக்கு அது உண்மைதான.

ரத்தம் எடுத்துட்டு ஜூசும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தாங்க, லோகநாதன் அவர்களின் உயிர் காக்கும் சேவையைப் பாராட்டின்னு. வெளிய வந்து அதைக் கிழிச்சுப் போட்டேன்.

என்னது? அந்த ரத்தம் யாருக்குப் போகுமா? அது... அதை நான் ரோசிக்கவே இல்லைங்க. பாத்துட்டுக் கெட்டதா இருந்தா கொட்டிருவாங்கல்ல? புதுசாத் தொத்தியிருந்தா டெஸ்ட்டுல தெரியாமயும் போயிருமா? அப்படின்னா எவனாவது ஆப்பரேசன்ல படுத்திருக்கறவனுக்கு... இல்லைங்க, சித்த நிறுத்துங்க. என்ற ரத்தத்துலதான் கண்டுபுடிச்சுட்டாங்களே, அதைக் கொட்டிருப்பாங்க. கண்டிப்பாக் கொட்டிருப்பாங்க. நீங்க வேற இருக்கற பயத்துல எதையாவது கெளப்பி விடாதீங்க.

பன்னெண்டா உள்ள போறது? எனக்கு முன்னால இன்னும் நாலு பேரு இருக்குது. சொல்லிப்போடறேன்.

ஒரு வாரம் ஆச்சு. லோகு ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வாரம் ஆச்சு, தெனமும் வண்டி ரிப்பேருக்கு நிக்கற பட்டறைக்கு வர்றான், வண்டிக்கு அடியில படுத்து கிரீஸ் அடிக்கறான், ஒண்ணும் சொல்லலை. "என்ன மாப்பள, போன் கீன் ஏதாச்சும் வந்துச்சா?"ன்னு சும்மாக் கேக்கற மாதிரிக் கேட்டுப் பாத்தேன். "இல்லீங்க மாமா"ன்னான், என்ற மூஞ்சியைப் பாக்காம. எனக்கு அப்பவும் தோணலை. அப்படின்னா சுத்தம். நான் சுத்தம். பட்டறைக்குப் பின்னால போயி நின்னு அழுதனுங்க, சத்தமா. அன்னைக்கு ஆட்டுக்கறி எடுத்துக்கிட்டு, ரெண்டு மொழம் பூ வாங்கிக்கிட்டு ஊட்டுக்குப் போனேன்.

வசந்தாமணி பூவை வாங்க மாட்டேங்கறா. எங்கயோ அடி விழப்போகுதுன்னு என்ற கையையே பாத்துக்கிட்டு நிக்கறா. நானே வெச்சு விட்டேன். எறங்குன தோளுக்குத் தைலம் தேச்சு விட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஒரு சிரிப்பு வந்துச்சு அவளுக்கு. அந்த ஒரு மாசம் நாங்க இருந்தது மாதிரி கல்யாணமான புதுசுலகூட இருந்ததில்லை. ஒரு அடி இல்லை. ஒரு சத்தம் இல்லை. புள்ளைகூட ஊட்டுலயே உக்காந்து படிச்சுது. "ஏனுங்க, எந்தச் சாமி உங்களை இப்படி மாத்துச்சு?"ன்னு கேட்டா. அந்த மாசந்தானுங்க எல்லாத்தையும் கெடுத்துச்சு. அடிச்சுக்கிட்டே இருந்திருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

போன வாரம் மத்தியானம் பட்டறையில நான் டிரில் பிட்டு மாத்திக்கிட்டு இருந்தேன். லோகு வந்து எதிர்ல நின்னான். கையில ஒரு காயிதம்.

"மாமா, என்ற பேருல யாரோ முகாம்ல ரத்தம் குடுத்திருக்காங்க. நேர்ல வாங்கன்னு போன் வந்துச்சு. போனேன். அந்த ரத்தத்துல சீக்கு இருக்குதுன்னாங்க. நான் குடுக்கவே இல்லைன்னேன், நம்பலை. சரின்னு அங்கயே எனக்கு டெஸ்ட்டு எடுத்துக்கிட்டேன். இந்தாங்க, எனக்கு ஒண்ணுமில்லை. அப்ப அது யாரு ரத்தம் மாமா?"

"போன் எப்படா வந்துச்சு?"

"முகாம் முடிஞ்சு ஒம்பதாம் நாளு."

ஒம்பதாம் நாளுங்க. ஒம்பதாம் நாளு. நான் பூ வாங்கிட்டுப் போனது பதினஞ்சாம் நாளு. நடுவுல ஆறு நாள் இருந்துச்சு. அந்த ஆறு நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற குடும்பம் தப்பிச்சிருக்கும்.

"ஏன்டா சொல்லலை? நான் கேட்டப்பவே ஏன்டா சொல்லலை?"

"சொன்னா அடிப்பீங்கன்னு பயந்துட்டேன் மாமா. நீங்களாப் போயிப் பாத்துக்குவீங்கன்னு இருந்தேன். அக்கா நேத்து போன்ல சிரிச்சுப் பேசுச்சு. அதைக் கேட்டதுக்கப்புறம் என்னால இருக்க முடியலை."

பைப்பைத் திருகற ரிஞ்சு கையிலதான் இருந்துச்சு. வேணும்னு எடுக்கலை, கையில இருந்தது கையோட போச்சு. தாடையில விழுந்துச்சு. வாயில இருந்து ரத்தமும் பல்லும் கொட்டுது, அவன் தடுக்கக்கூட இல்லை, காயிதத்தைக் கீழ விழாமப் புடிச்சுக்கிட்டே உக்காந்தான். மறுக்கா முதுகுல ஒண்ணு, கையில ஒண்ணு. பட்டறைக்காரங்க நாலு பேர் சேந்து என்னையப் புடிச்சு இழுத்தாங்க. அடிப்பேன்னு பயந்து வாயை மூடுனானே, அந்தக் கோவத்துலதானுங்க அடிச்சேன். பயப்படற அளவுக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன் அவனை?

போலீசுல எழுதிக் கேட்டாங்க. லாரியில இருந்து விழுந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். தங்கம்னு சொன்னேன்ல.

ஆனா அக்காகிட்ட மறைக்கலை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, பேச முடியாது. நோட்டு வாங்கி எழுதிக் காட்டியிருக்கான். ரோட்டோரத்து ரூம்பு, காதுல விழுந்த அடி, முகாம், போன், ரிஞ்சு, எல்லாம். வசந்தாமணி ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னு மூணு பக்கத்தையும் படிச்சுட்டு, அங்க இருந்து நேரா அந்த ஆஸ்பத்திரியிலயே இந்த மாதிரி ரூம்புக்கு நடந்து போயிருக்கா. ஒத்தையா. யாரையும் தொணைக்குக் கூப்புடலை. ரத்தம் குடுத்துட்டு, காயிதத்தை வாங்கி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டு, புள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கிட்டு அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிட்டா.

எங்கூர்ல வாட்ச்மேன் பாப்பான், தெருக்காரன் பாப்பான்னு நான் இவ்வளவு கூத்து அடிச்சேன். அவ போனா, வந்தா. அரை மணி நேரமாம்.

நேத்துக் காத்தால போனேன். "காயிதத்தைக் குடுடி"ன்னேன். எனக்கு அதுல என்ன இருக்குதுன்னு தெரியோணும், தெரியலைன்னா மண்டை வெடிச்சுரும். அவ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா, கையில தண்ணிச் சொம்பு. வந்தவனுக்குக் குடிக்கக் குடுக்கத்தான் கொண்டு வந்திருப்பா, அது அவ வளந்த வளப்பு. மறுபடியும் கேட்டேன். குடுக்கலை. முடியைப் புடிச்சேன். பழக்கம்தானுங்க, கை தானாப் போச்சு. அடுத்த நொடி எனக்கு ஒண்ணும் தெரியலை. பித்தளைச் சொம்பு, நெறையத் தண்ணி. கண்ணு முழிச்சுப் பாத்தா வாசப்படியில கெடக்கறேன், மூஞ்சியெல்லாம் தண்ணியும் ரத்தமும். அவ ஓடலை, கத்தலை. நெளிஞ்ச சொம்பைக் கையில வெச்சுக்கிட்டு அங்கயே நிக்கறா.

"உன்ற காயிதத்தை எடுத்துக்கிட்டு வா. ரெண்டையும் ஒட்டுக்கா வெச்சுப் பாக்கலாம். அது வரைக்கும் என்றதுல என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியப் போறதில்லை."

பன்னெண்டு வருசத்துல என்னைய நீன்னு சொன்னது அதுதான் மொதல் தடவை. அடி வலிக்கலைங்க, அது வலிச்சுது.

இப்பச் சொல்லுங்க, நான் என்னத்தைக் கொண்டுக்கிட்டுப் போறது? என்ற காயிதத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும். அதை எடுத்துக்கிட்டுப் போனா நான்தான் குடுத்தேன்னு ஆயிரும். அவளுதுல இருக்கறது எங்கிட்ட இருந்து வந்ததுன்னு ஆயிரும். அதான் உங்களை வந்ததுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கோவிச்சுக்காதீங்க. நல்ல ஒடம்பு, நம்ம வயசு, நம்ம ஒசரம். இந்த டோக்கனை நீங்க வெச்சுக்கங்க. கூப்புட்டா நல்லசிவம்னு சொல்லிக்கிட்டு உள்ள போங்க. ஒரு ஊசி, ரெண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். எம் பேருல ஒரு காயிதம் வரும், ஒண்ணுமில்லைன்னு. ஒரு குடும்பத்தைச் சேத்து வெச்ச புண்ணியம் உங்களுக்கு. அவளுது என்னவா இருந்தாலும் நான் அவளை வெச்சுக் காப்பாத்துவேன். மன்னிச்சுக்கூட விட்டுருவேன்.

என்ன சிரிக்கறீங்க? எதுக்குச் சிரிக்கறீங்க நீங்க?

உதவாதா? உங்க ரத்தம் எனக்கு ஏன் உதவாது?

...எத்தனை வருசமா?

ஆறு வருசமா. இந்தப் பையில இருக்கறது அந்த மாத்திரையா? நீங்க... இவ்வளவு நேரம் எம் பக்கத்துலயே... தள்ளுங்க. தள்ளுங்கறேன்ல. வக்காலி, மொதல்லயே வாயைத் தொறந்து சொல்ல மாட்டே? ஊட்டுக் கதை பூராக் கேட்டுட்டு, மொழுமொழுன்னு மூஞ்சியை வெச்சுக்கிட்டு...

விடுங்க. உங்க சட்டையை நான் விட்டுட்டேன். விட்டுட்டேன், பாருங்க. பட்டன் ஒண்ணு போயிருச்சு, கீழதான் கெடக்கும், எடுத்துத் தர்றேன். இந்தாங்க.

இப்பத் தோளுல ஒரு தட்டுத் தட்டுனீங்களே, எங்க வண்டியில அதுக்கு நிறுத்துன்னு அர்த்தம்னு சொன்னேன்ல. எனக்கு யாரும் அப்படித் தட்டுனதில்லைங்க. நான்தான் எல்லாருக்கும் தட்டுவேன்.

தெனமும் ஒரு மாத்திரையா? அவ்வளவுதானா? வேலைக்கெல்லாம் போறீங்களா? சம்சாரம்? ... கூடவே இருக்காங்களா. அவங்களுக்கு ஒண்ணுமில்லையா? மாத்திரை ஒழுங்காச் சாப்புட்டா ஒட்டாதா? இதை என்கிட்ட எவனும் சொல்லலையே. அந்தப் புண்ணு, உள்ளங்கைத் திட்டு, அதெல்லாம் வேற சீக்கா இருக்கும்ங்கறீங்க. ஊசி போட்டாக் கேட்டுருமா? ஊசிக்கா நான் இத்தனை நாள்... இத்தனை பேரை...

லோகுவுக்கு எந்தத் தாடைன்னா கேட்டீங்க? எடது தாடைங்க. ஏன் கேக்கறீங்க? சும்மாவா. காதும் எடதுதான். ஆமா. இப்பத்தான் நெனைச்சுப் பாக்கறேன், ரெண்டும் ஒரே பக்கம்.

பதினேழா? பதினேழுன்னா கூப்புடறாங்க? நடுவுல இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்களா. கேள்வி கேக்கற அந்தப் பொம்பளைப் புள்ளை வாசல்ல நின்னு எட்டிப் பாக்குது. என்ற புள்ளையைவிட ஒரு பதினஞ்சு வயசு மூத்ததா இருக்கும். அதுகிட்ட எட்டுன்னு சொல்லோணும்.

பதினொண்ணுங்க. உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன். பதினொண்ணு.

ஒண்ணு கேக்கறேன். காயிதத்தை எடுத்துக்கிட்டுப் போனா, அவ என்றதைப் பாத்துட்டுத் தன்னுதைக் காட்டுவாளா? இல்லை, கதவைச் சாத்திருவாளா? உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். அவளுதுல ஒண்ணும் இல்லாம இருந்தாப் போதுமுங்க, அவ கதவைச் சாத்திக்கட்டும். இருந்துச்சுன்னா, அது அந்த ஒரு மாசத்துல வந்தது. நான் ஒரு அடி அடிக்காம இருந்த மாசம்.

ஆமா கண்ணு, பதினேழு நான்தான். நல்லசிவம். இல்லை, வேற பேரு ஒண்ணும் இல்லை, அதே பேருதான் எழுதிக்க. வர்றேன், ஒரு நிமிசம்.

ஏனுங்க, காலு வர மாட்டேங்குது. நான் இப்பத் தள்ளிவிட்டேன்ல, அதை மனசுல வெச்சுக்காதீங்க. அந்தக் கையைச் சித்தக் குடுங்க, எந்திரிக்கோணும்.